முடி மட்டும் வேறு வீட்டில்

ருரியின் தலைமுடியை டொமோயே மறுபடியும் குளிப்பாட்டினாள். எத்தனையாவது முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர், அதில் ஒரு சொட்டு ஷாம்பு. கசக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, நீருக்குள் விட்டு மெல்ல அலசி எடுக்க வேண்டும். பிறகு துணியை மிருதுவாக்கும் திரவம் கலந்த நீரில் ஊறப்போட்டு, துண்டால் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். மனுஷ முடி கெட்டுப்போனால் வெட்டி எறியலாம், அது பாட்டுக்கு வளரும். பொம்மை முடி செயற்கை இழை. அதில் போனது போனதுதான், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் திரும்பி வராது.

"அந்தப் பொண்ணு எங்கயோ மொட்டைத் தலையோட உக்காந்திருக்கு. அது முடி மட்டும் இங்க வாரா வாரம் வெந்நீர் ஊத்துக்குப் போயிட்டு வருது" என்றார் இவாவ், பக்கத்து அறையில் பேஸ்பால் பார்த்துக்கொண்டே. கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இரண்டே வேலைகள்: பேஸ்பால் பார்ப்பது, பெண்டாட்டியைச் சீண்டுவது. டொமோயே அலசிக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

ருரி டொமோயேயின் பொம்மை அல்ல. அது 'ருரி அம்மா'வுடையது. சரி, அந்த ருரி அம்மாவுக்குப் பெயர் என்ன? அங்கேதான் இருக்கிறது வினை. அது டொமோயேக்குத் தெரியாது.

நகோயாவின் பொம்மைக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடம் வாடகைக்குக் கிடைக்கிறதோ அங்கே கூடுவார்கள். இடம் மாதாமாதம் மாறும், செய்தி ஃபோனில் வரும். ஆளுக்கொரு பொம்மை, கைக்குழந்தையைவிடச் சற்று நீளமாக, பஞ்சு வைத்துத் தைத்த பையில். மூட்டுக்கு மூட்டு மடங்கும், கண்ணைக் கழற்றி மாற்றலாம், தலைமுடியையும் கழற்றி மாட்டலாம். ஆனால் அங்கே சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. வந்திருப்பது வங்கி மேலாளரோ மீன் லாரி ஓட்டுபவரோ, பொம்மையின் பெயர்தான் ஆளின் பெயர். ருரியை வைத்திருப்பவள் ருரி அம்மா. கோஹாருவை வைத்திருக்கும் டொமோயே, கோஹாரு அம்மா. மீசை நரைத்த ஆண்கள்கூட அங்கே யாரோ ஒருத்திக்கு அப்பாதான். வெளியே தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயத்தில் தொடங்கியது, பழகிப் பழகி மரியாதையாகிவிட்டது. இந்த வயதில் பொம்மையா என்று கேட்கும் உலகத்துக்கு நடுவில், பெயரைக் கேட்காமல் இருப்பதே பெரிய அன்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். டொமோயேயும் அப்படித்தான் நினைத்தாள், மடச்சி.

அவள் முதல் தடவை போனபோது கோஹாருவின் முடி பைக்குள் உரசி உரசிக் காக்காய்க் கூடாகக் கிடந்தது. பகலெல்லாம் சூப்பர் மார்க்கெட் சமையல்கட்டில் கட்லட் பொரிக்கும் கை அவளுக்கு. அந்தச் சிக்கலை எங்கே தொடுவது என்றே தெரியாமல் விழித்தாள். அப்போது பக்கத்தில் இருந்த, அவளைவிடப் பத்து வயது மூத்த பெண் ஒருத்தி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "தொடலாமா?" என்று கேட்டாள். இன்னொருவர் பிள்ளையைக் கேட்காமல் தொடுவது அங்கே மகா பாவம். முடியைத் தொடுவது அதைவிட. ருரி அம்மா கம்பிச் சீப்பை எடுத்து நுனியிலிருந்து தொடங்கினாள். அடியிலிருந்து சீவினால் முடிச்சு இறுகும், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சீவினாள்.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம். கூட்டம் முடிந்ததும் இருவரும் ஓசு என்னும் கடைத்தெருவில் மாடியிலிருக்கும் பழைய பொம்மைக் கடைக்குப் போவார்கள், வாங்குவதற்கல்ல, வாயைப் பிளப்பதற்கு. பிறகு காபிக் கடையில் சிவப்புப் பயறு இனிப்பு தடவிய ரொட்டி, ஒன்று வாங்கி இரண்டாக. ஊர்க்கதை, உடம்புக்கதை, புருஷன் கதை எல்லாம் பேசியாகிவிட்டது. ருரி அம்மாவின் கணவர் சாவதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்பதுவரை டொமோயேக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் "தொடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ருரி அம்மா ஒருநாள் கேட்காமலே கோஹாருவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். அன்றைக்கு டொமோயே ரயிலில் வீடு வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

மற்றவர்கள் பொம்மைக்குப் பத்து முடி வைத்திருப்பார்கள். பொன்னிறம், நீலம், வெள்ளை என்று வேளைக்கொன்று மாட்டுவார்கள். ருரிக்கு ஒன்றே ஒன்று: இடுப்பு வரை தொங்கும் பழுப்பு முடி. ஒரு தலைக்கு ஒரு முடி போதாதா, நமக்கென்ன பத்தா இருக்கிறது என்பாள் ருரி அம்மா. அது நாளாக ஆக நுனியில் பஞ்சு பூத்துவிட்டது. சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் அதை ருரியின் தலையிலிருந்து கழற்றி டொமோயேயின் கையில் கொடுத்தாள். தனக்கு இப்போதெல்லாம் விரல் நடுங்குகிறது என்றாள். ருரிக்குக் கம்பளிக் குல்லாய் ஒன்றை மாட்டினாள்.

"நுனி உள்பக்கமா சுருளணும். நெத்தி முடி உங்க இஷ்டம். அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்."

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஃபோனில் அனுப்பிய செய்திகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. படித்ததற்கான அடையாளம்கூட விழவில்லை. டொமோயே கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. கூடத்தை ஏற்பாடு செய்யும் பெண், வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் போவார்கள், இங்கே எப்போதும் அப்படித்தானே என்றாள். டொமோயேக்கு வந்த கோபத்தில் அன்று கோஹாருவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ருரி அம்மா இறங்கும் ஸ்டேஷன் மட்டும் தெரியும். ஒருநாள் கட்லட் வேலை முடிந்ததும் அங்கே போய் இறங்கினாள். தெருத் தெருவாக நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயர்ப்பலகை. கல்லில் ஒன்று, மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று. எதைத் தேடுவது? இத்தனை பெயர்கள் கண்ணெதிரே இருக்கின்றன, தேடுவதற்கு அவள் கையில் ஒரு பெயர் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நாய் குரைத்தது, ஒரு வயதானவர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ருரி அம்மாவை என்று சொன்னால் போலீஸுக்குச் சொல்லிவிடுவார். வழி தவறிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுத் திரும்பி நடந்தாள். ரயிலில் உட்கார்ந்ததும்தான் அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாயே, பெயரென்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் நாக்கா அறுந்துவிடும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம் அவளிடம் மிஞ்சியது அந்த முடி ஒன்றுதான். அதற்குத்தான் இந்தக் குளியல். முடியைப் பிரித்துப் பிரித்து, குளிர்பானம் உறிஞ்சும் குழல்களில் சுற்றி, ரப்பர் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, உடனே குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தால் சுருள் நிற்கும். ஒருமுறை செய்தால் போதும். அவளோ செய்வதும், அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்பதும், ஒரு சுருள் பெரியதாக இருக்கிறதே என்று மறுபடி நனைப்பதுமாக இருந்தாள். கை அந்த முடியில் இருக்கும்வரை ருரி அம்மா நாளைக்கே வந்துவிடுவாள் போல இருக்கும். காயப்போட்டுக் கையை எடுத்தால் வீடு ஓவென்று இருக்கும். ஆனால் செயற்கை இழைக்கு இவள் ஏக்கம் தெரியுமா? வெந்நீர் பட்டுப் பட்டு மினுமினுப்புப் போயிற்று. நெற்றிப் பக்கம் துடைப்பம் மாதிரி விறைத்துக்கொண்டது. கோடை பிறந்த ஒரு காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நம்பி ஒப்படைத்த பொருளை ஆசையால் அழித்துவிட்டோமே!

அதே நிறத்தில், அதே நீளத்தில் ஒன்று கிடைத்தால் நெற்றிப் பக்கத்தை மட்டும் எடுத்துத் தைத்துச் சரிசெய்யலாம். அதற்கு ஓசு மாடிக் கடையை விட்டால் வேறு இடம் இல்லை. ருரி அம்மா காணாமல் போன நாளிலிருந்து டொமோயே அந்தப் படியை மிதிக்கவில்லை. அங்கே தனியாக நின்று யாரிடம் வாயைப் பிளப்பது? இப்போது வேறு வழியில்லாமல், நிறம் ஒப்பிட முடியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏறினாள்.

கடையில் கண்ணாடி அலமாரிகள் வரிசையாக நின்றன. முடிகள் தொங்கும் மூலைக்குப் போகிற வழியில், கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மொட்டைத் தலை. முகம் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. இடது காது மடலில் அரிசி நுனி அளவு உடைசல். அந்த உடைசல் நேர்ந்த அன்று இவளும் பக்கத்தில்தான் இருந்தாள். டொமோயே அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். பொம்மையின் காலடியில் ஒரு அட்டை இருந்தது. பழைய மாதிரி, நிறம் மாறியது, காதில் சிறு சேதம் என்று எழுதி, அதற்குக் கீழே: முடி இல்லை. முடி மட்டும் வேறு வீட்டில் இருக்கிறது.

கடையில் மினாசே என்ற இளம்பெண் இருந்தாள். இந்த அட்டை என்ன என்று டொமோயே அவளிடம் கேட்டாள். மினாசே நடந்ததைச் சொன்னாள். லிஃப்டில், சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மாள் வந்தார். தள்ளிக்கொண்டு வந்தது மகன். மகனுக்கு அவசரம், கீழே வண்டி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடையில் பொம்மையை வாங்குவார்கள், விற்பார்கள், யாருக்காகவும் எடுத்து வைக்க மாட்டார்கள் என்று சொன்னதும் அந்த அம்மாள் விற்றுவிடுவதாகச் சொன்னார். மொட்டையாக இருந்தால் விற்காது, இலவசமாக ஒரு முடி மாட்டிவிடுகிறோம் என்றதற்கு அவர் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டு, அட்டையில் அந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னார்.

"அதுக்கு அவங்க சொன்னாங்க, வேற முடி வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க, மொட்டையா இருந்தா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க, முடியை வச்சிருக்கவங்க ஒருநாள் கண்டிப்பா இங்க வருவாங்கன்னு. உங்க பேரையாவது சொல்லிட்டுப் போங்கன்னேன். என் பேரைச் சொன்னா அவங்களுக்கு யாருன்னே தெரியாதும்மான்னு சிரிச்சாங்க."

"எப்ப வந்தாங்க?"

"பனி கொட்டுச்சே, அப்ப."

வெளியே சில்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. பனிக்காலம் முழுக்க, செர்ரி பூத்து உதிரும் வரை, மழை முழுக்க ருரி இந்தக் கீழ்த்தட்டில் வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தனியாக வந்தால் மனசு வலிக்கும் என்று இவள் வீட்டில் உட்கார்ந்து முடியைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒருத்தி, இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று இலவு காத்த கிளியாக இருந்திருப்பாளே!

அவள் ருரியை வாங்கினாள். மினாசே பொம்மையைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் உட்கார வைத்தாள். டொமோயே மோதிரத்தைக் கழற்றினாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தொடலாமா என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பையிலிருந்து முடியை எடுத்து, பின்னந்தலையில் பொருத்தி, முன்னால் இழுத்து மாட்டினாள். நுனிகள் உள்பக்கமாகத்தான் சுருண்டிருந்தன. நெற்றிதான் கோரமாக இருந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மினாசே, விற்றவரின் பெயரையோ நம்பரையோ சொன்னால் தன் வேலை போய்விடும் என்றாள். பிறகு, தானே உள்ளே போய் நம்பரைப் போட்டு ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தால் அதில் எந்த விதியும் உடைவதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றாள். அவள் உள்ளே போனதும் டொமோயே மனசுக்குள் உருப்போட்டாள். முதலில் பேர். அப்புறம் விலாசம். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மினாசே கொண்டுவந்து நீட்டிய ஃபோனில் ஏற்கெனவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

"கோஹாரு அம்மாவா?"

"ஆமா."

பிறகு ருரி அம்மாதான் தொடங்கினாள். பேச்சு கொஞ்சம் குழறியது. குளியலறையில் விழுந்தாளாம், பக்கவாதம். ஃபோன் தண்ணீரோடு போயிற்று, அதற்குள் இருந்த எல்லோரும் போனார்கள். மகன் வந்து வீட்டைக் காலி செய்து ஆவோமோரிக்கு அழைத்துப் போய்விட்டான். அது நாட்டின் வடக்குக் கோடி; இனி நகோயா என்பதெல்லாம் கனவில்தான். வலது கை அசைவதில்லை, சீப்புப் பிடிக்க முடியாத கைக்குப் பொம்மை எதற்கு என்று சொல்லிவிட்டு, அழுகிறாளோ என்று இவள் பயப்படுவதற்குள், "அது கெடக்கட்டும். நெத்தி முடியை எப்படி விட்டிருக்கீங்க? புருவத்துக்கு மேலயா, கீழயா?" என்றாள்.

அவ்வளவுதான். டொமோயே முடியைக் கெடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு தலையை எத்தனை தடவைதான் குளிப்பாட்டுவீர்கள், உங்கள் வீட்டுக்காரரைக்கூட இப்படிக் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று ருரி அம்மா சிரித்தாள். விறைத்த இடத்தை வெட்டாதீர்கள், ஈரத்துணி வைத்து மேலே ஆவி மட்டும் காட்டுங்கள், பாதியாவது படியும் என்றாள். எந்தப் பக்கமிருந்து ஆவி காட்டுவது, எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, படிந்ததும் புருவத்துக்குக் கீழே இறக்குவதா மேலே ஏற்றுவதா என்று இருவரும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பது போலவே பேசினார்கள். அங்கே ஒரு ஆண்குரல் சாப்பிடக் கூப்பிட்டது. வைத்துவிடுகிறேன் என்றாள் ருரி அம்மா. சரி சரி, சாப்பிடுங்கள் என்றாள் டொமோயே.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது, பேரைக் கேட்டீர்களா என்றாள் மினாசே.

டொமோயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. உலகத்தில் வேறு எவளாவது இப்படி ஒரு காரியம் செய்வாளா என்று அந்தச் சின்னப் பெண்ணிடமே கேட்டாள். இன்னொரு முறை போட்டுக் கொடுக்கும்படி கெஞ்ச வாயெடுத்தபோது ஃபோன் தானாகவே அடித்தது. மினாசே எடுத்து, கேட்டு, ஒன்றும் சொல்லாமல் இவளிடம் நீட்டினாள்.

"நானும் கேக்கல பாருங்க" என்றது ருரி அம்மாவின் குரல். "கேக்கவே கூடாதுன்னு இருந்து இருந்து வாயே அப்படிப் பழகிடுச்சு. சாப்பிட உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. ருரி இப்ப உங்ககிட்ட வந்தாச்சு. இனிமே நீங்கதான் ருரி அம்மா. அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

எத்தனை மாதமாக இந்த ஒரு கேள்விக்காகத் தவித்திருக்கிறாள்! வாசல் வாசலாக நின்று பெயர்ப்பலகை படித்தவள் அவள். இப்போது கேட்கிற நேரம் வந்ததும் டொமோயேயின் நாக்கு எழவில்லை. பெயரைக் கேட்டு வாங்கிவிட்டால், தனக்குத் தெரிந்த ருரி அம்மா இனி எங்குமே இல்லை என்று ஆகிவிடும். மேசைமேல் ருரி திரும்பி வந்த முடியோடு உட்கார்ந்திருந்தது. அவள் இடது கையால் அதன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"கினுயோ. ஹட்டோரி கினுயோ."

"கினுயோ-சான்" என்று மரியாதை சேர்த்து டொமோயே சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பயந்து மறுபடி கூப்பிட்டாள்.

"இருக்கேன்" என்றாள் கினுயோ. "இந்தப் பேர்ல நீங்க கூப்பிட்டா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு தடவை கூப்பிடுங்க, பழகிக்கிறேன்."

டொமோயே கூப்பிட்டாள்.